காதலும் அச்சமும் கலந்த ஐந்து நாவல்கள்: ஒரு வாசகியின் மதிப்பீடு

நூலகத்தில் காதல் கதைகளும் மர்மக் கதைகளும் வெவ்வேறு அடுக்குகளில் இருந்தாலும், கடந்த சில மாதங்களில் நான் படித்தவற்றுள் மனத்தில் நிலைத்த நாவல்கள் இரண்டு அடுக்குகளிலும் வைக்கத் தகுந்தவையாகவே இருந்தன. ஒருவர் மீது அன்பு வைத்தவருக்குத்தான் அவரை இழந்துவிடுவோமோ என்ற அச்சமும், அவரைச் சரியாக அறிந்திருக்கிறோமா என்ற ஐயமும் எழும் என்பதை உணர்ந்து எழுதப்பட்ட கதைகள் அவை. காதலை ஒரு பக்கமும் கொலையை மறுபக்கமும் நிறுத்திவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டுச் செல்லும் நாவல்கள், குற்றவாளி யார் என்று தெரிந்ததும் தம் வேலையை முடித்துக்கொண்டன.

தர்மபுரியில் வசித்துக்கொண்டு பணிக்காகக் கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் சென்று வருபவள் என்பதால், காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாகச் செல்லும் அந்தப் பயணமே எனக்குக் கிடைக்கும் வாசிப்பு நேரம். நூல்களில் சில மாவட்ட மைய நூலகத்தில் எடுத்தவை. சில தர்மபுரி புத்தகத் திருவிழாவில் வாங்கியவை. முன்பு வார இதழ்களில் தொடராக வந்த நாவல்களின் குறுகிய அத்தியாயங்கள் இத்தகைய பயணத்துக்கு மிகவும் பொருந்துகின்றன.

முதலில் கல்கியின் ‘கள்வனின் காதலி’. 1937ஆம் ஆண்டில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த இந்நாவலை, ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களிலும் பலர் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது வருத்தத்துக்குரியது. கொள்ளிடக் கரையில் உள்ள பூங்குளம் கிராமத்து முத்தையனும் கல்யாணியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். ஆனால் தங்கை அபிராமியின் பொறுப்பைச் சுமக்கும் முத்தையனால் அந்த விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ள முடியாமல் போகிறது. கல்யாணி ஒரு செல்வந்தரான முதியவருக்கு மணம் செய்து வைக்கப்படுகிறாள். பின்னர், அபிராமியிடம் தகாத முறையில் நடக்க முற்பட்ட மடத்துக் காரியஸ்தரைத் தாக்கியதற்காக முத்தையன் மீது திருட்டுப் பழி சுமத்தப்பட, காவலிலிருந்து தப்பி ஆற்றோரக் காட்டில் மறைந்து வாழும் அவன் உண்மையிலேயே கள்வனாகிவிடுகிறான்.

இக்கதையில் கள்வன் யார் என்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் ஏன் கள்வனானான் என்பதும் தெரியும். அவனைத் தேடும் போலீசார் எவ்வளவு அருகில் வந்துவிட்டார்கள் என்பதும் தெரியும். இவ்வளவு தெரிந்த பிறகும் பக்கத்துக்குப் பக்கம் நெஞ்சு பதறுவதற்குக் காரணம், முத்தையனும் கல்யாணியும் தப்பித்து எங்காவது சென்று வாழ வேண்டும் என்று நாம் விரும்பத் தொடங்கிவிடுவதுதான். அந்த விருப்பத்தை நமக்குள் வளர்த்துவிட்டு, அதற்கு எதிராக ஒவ்வொரு வாயிலாக அடைத்துக்கொண்டே வருகிறார் கல்கி. நாடக மேடையில் பெண் வேடம் தரிக்கும் நண்பன் ஒருவன் கதைக்குள் எதற்காக வருகிறான் என்பது முடிவுக்கு அருகில்தான் விளங்கும். விளங்கும் கணத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. குற்றவாளியை மறைத்து வைத்து இறுதியில் காட்டும் எந்த நாவலும் எனக்கு அந்த அதிர்ச்சியைத் தந்ததில்லை. கதாசிரியர் இடையிடையே வாசகரை அழைத்துப் பேசுவதும், தற்செயல் சந்திப்புகள் அளவுக்கு மீறி நிகழ்வதும் இன்றைய வாசகருக்குச் சற்று அலுப்பூட்டக்கூடும். இருந்தாலும் கல்யாணியின் பிடிவாதமும் அவசரமும் நிறைந்த மனத்தைக் கல்கி எழுதியிருக்கும் விதம் அக்குறைகளை மறக்கச் செய்கிறது.

எங்கள் பகுதியில் வாழ்பவர்களுக்கு இந்நாவல் இன்னும் நெருக்கமாக இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இளவயதுத் திருமணங்களைத் தடுக்கும் பணி இன்றும் ஓயவில்லை. ஒரு பெண்ணின் திருமணத்தை அவளைத் தவிர மற்ற எல்லோரும் முடிவு செய்யும் காட்சி, ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பழங்கதையாக எனக்குத் தோன்றவில்லை. 2012ஆம் ஆண்டு நவம்பரில், சாதி கடந்த ஒரு காதல் திருமணத்தை அடுத்து நத்தம் காலனி உள்ளிட்ட தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டதை இம்மாவட்டத்தில் வாழும் யாரும் மறந்திருக்க முடியாது. காதலிப்பவர் உயிருக்கு அஞ்ச வேண்டிய நிலை எங்களுக்குக் கற்பனைச் செய்தியன்று. எனவே, காதல் நாவல் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, இந்தக் காதலர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்ற கேள்வியை நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

பேருந்து நிலையக் கடையில் வாங்கிய மாத நாவல் ஒன்று இந்தக் கேள்விக்கு விடை தரவே இல்லை. அதன் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. செல்வச் செருக்குள்ள கதாநாயகன், பொறுமையே வடிவான கதாநாயகி, கட்டாயத் திருமணம், யாரோ சொன்ன ஒரு பொய்யால் விளையும் பிரிவு என்று செல்லும் அக்கதையில், இருவரும் அரை மணி நேரம் மனம் விட்டுப் பேசியிருந்தால் 100 பக்கங்கள் குறைந்திருக்கும். நடுவில் ஒரு மரணம் நிகழ்கிறது. அதைச் செய்தவர் அதற்கு முன் கதையில் ஓரிரு வரிகளில் மட்டுமே வந்தவர். துப்புகளை முன்பே நம் கண்ணெதிரில் வைத்துவிட்டு நம்மைத் திசை திருப்புவதே மர்மக் கதையின் நேர்மை; அறிமுகமே இல்லாதவரை இறுதியில் கொண்டுவந்து நிறுத்துவது அந்நேர்மைக்குப் புறம்பானது. கதாநாயகன் மனைவியிடம் காட்டும் முரட்டுத்தனத்தைக் காதலின் ஆழமாக எழுதியிருப்பது அதைவிடவும் என்னை வருத்தியது. மாத நாவல்களைப் பொதுவாகக் குறை கூறும் எண்ணம் எனக்கு இல்லை. எத்தனையோ பெண்களுக்கு வாசிக்கும் பழக்கத்தை ஏற்படுத்தியவை அவையே என்பதால்தான், அவற்றை எழுதுபவர்கள் இன்னும் பொறுப்புடன் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.

சுஜாதாவின் இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தேன். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய அவருடைய அறிவியல் ஆர்வம் முழுமையாக வெளிப்படும் நாவல் ‘கொலையுதிர் காலம்’. பெரும் சொத்துக்கு உரிமை பெறவிருக்கும் லீனா என்ற இளம்பெண், அவளைச் சுற்றி நிகழும் அமானுஷ்யம் போன்ற நிகழ்ச்சிகள், அவற்றை விசாரிக்க வரும் வழக்கறிஞர்கள் கணேஷ், வசந்த் என்று கதை விறுவிறுப்பாகவே செல்கிறது. பேயா, அறிவியலா என்ற கேள்வியை அவர் கடைசி வரை நழுவவிடாமல் பிடித்திருக்கிறார். இரவில் தனியாகப் படித்தால் அச்சம் உறுதி. ஆனால் அந்த அச்சம் நிகழ்ச்சிகளால் வருவது. லீனாவுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையால் வருவதன்று. வசந்தின் சீண்டல் பேச்சும் சில இடங்களில் இன்று படிக்கும்போது நெருடுகிறது.

‘கரையெல்லாம் செண்பகப்பூ’ அதைவிட எனக்கு மிகவும் பிடித்தது. நாட்டுப்பாடல்களைச் சேகரிப்பதற்காகத் திருநிலம் என்ற கிராமத்துக்கு வரும் கல்யாணராமன் பாழடைந்த ஜமீன் வீட்டில் தங்குகிறான். இரவில் விளங்காத ஓசைகள் கேட்கின்றன. கிராமத்துப் பெண் வெள்ளி மீது அவன் மனம் செல்ல, அவள் மனமோ மருதமுத்துவிடம் இருக்கிறது. மருதமுத்துவின் கவனத்தை ஜமீன் வாரிசான சினேகலதா ஈர்க்கிறாள். இந்தச் சிக்கலின் நடுவே ஒரு கொலை நிகழும்போது, யார் செய்தது என்று அறிய விரும்பும் நாம், இன்னார் செய்திருக்கக் கூடாதே என்றும் உள்ளூர வேண்டிக்கொள்கிறோம். நகரத்துப் படிப்பாளியான கல்யாணராமன் தன் விருப்பத்தை வெள்ளியின் மீது திணிக்காமல் நிற்கும் கண்ணியத்தை, ஆசிரியர் எந்த விளம்பரமும் இன்றி எழுதியிருப்பது பாராட்டுக்குரியது. ஆங்காங்கே வரும் நாட்டுப்பாடல்கள், எங்கள் பக்கத்து வயல்களில் நடவின்போது பாட்டிமார் பாடியவற்றை எனக்கு நினைவூட்டின. அவை அலங்காரமாக நின்றுவிடாமல் கதையின் போக்கோடு பிணைந்திருக்கின்றன. கொலையின் முடிச்சு அவிழும் பகுதி மட்டும் சற்று வேகமாக முடிந்துவிட்டது போலத் தோன்றியது.

ஐந்தாவது, டாஃப்னே டூ மாரியர் 1938இல் எழுதிய ‘ரெபேக்கா’. இதை ஆங்கிலத்திலேயே படித்தேன். நீண்ட வருணனைகள் காரணமாகத் தொடக்கத்தில் மெதுவாகத்தான் நகர முடிந்தது. மான்டி கார்லோவில் ஒரு பணக்காரப் பெண்மணிக்குத் துணையாளாகப் பணிபுரியும் இளம்பெண், தன்னைவிட இரு மடங்கு வயதுள்ள மாக்ஸிம் டி வின்டரை மணந்து, மாண்டர்லி என்னும் அவருடைய மாளிகைக்கு வருகிறாள். அங்கே எங்கு திரும்பினாலும், இறந்துபோன முதல் மனைவி ரெபேக்காவின் தடயங்கள். அவள் பயன்படுத்திய மேசை, அவள் வகுத்த நடைமுறைகள், அவள் மீது வழிபாடு போன்ற பற்று வைத்திருக்கும் டான்வர்ஸ் என்ற மேற்பார்வையாளர். கதையைச் சொல்லும் புதிய மனைவியின் பெயர் நாவல் முழுவதிலும் ஓரிடத்தில்கூடச் சொல்லப்படுவதில்லை. இறந்தவளின் பெயரோ நூலின் தலைப்பாகவே இருக்கிறது. இந்த ஓர் ஏற்பாட்டிலேயே ஆசிரியர் தம் முழுக் கதையையும் சொல்லிவிட்டார் என்று நான் கருதுகிறேன்.

புகுந்த வீட்டில் தனக்கு முன் இருந்தவர்களின் வழக்கங்களுக்கு நடுவே, எதைத் தொட்டாலும் தவறாகிவிடுமோ என்று அஞ்சி நடமாடும் புதுப்பெண்ணை நம் ஊர்களில் அறியாதவர் யார்? இங்கிலாந்தின் கடற்கரை மாளிகையில் நிகழும் இக்கதை எனக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவே காரணம். கணவர் இன்னும் ரெபேக்காவைத்தான் நேசிக்கிறார் என்ற அவளுடைய ஐயம் பக்கம் பக்கமாக வளர்ந்து, மாறுவேட விருந்து நடைபெறும் இரவில் உச்சத்தை அடைகிறது. அந்த இரவுக்கு எந்த உடையை அணிவது என்று டான்வர்ஸ் கூறும் யோசனையையும் அதன் விளைவையும் படித்தபோது, காவேரிப்பட்டணம் கடந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. அதற்குப் பின் வெளிப்படும் உண்மையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்த உண்மை தெரிந்த பிறகு நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்று நினைத்துப் பார்த்தபோது, எனக்கு என் மீதே வியப்பு ஏற்பட்டது. காதலித்தவளோடு நெடுந்தூரம் சேர்ந்து நடந்துவிட்டதால், நியாயத்தின் பக்கம் நிற்க வேண்டிய இடத்திலும் அவளுடைய அச்சத்தின் பக்கமே நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் முறை படித்தபோதும் அப்படியே நின்றேன். இந்த ஐந்தில் மீண்டும் மீண்டும் படிக்கத் தகுந்தது எது என்று கேட்டால் இதையே சொல்வேன். அதற்கு மிக அருகில் கல்கியை வைப்பேன்.

ஆங்கில நாவல் வாசித்துப் பழகாதவர்கள் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’விலிருந்து தொடங்கலாம், ஓரிரு நாள்களில் முடித்துவிடக்கூடிய அளவுதான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டதால் ‘கள்வனின் காதலி’ பல பதிப்பகங்களின் வெளியீடாகக் கிடைக்கிறது. வாங்கும் முன் எழுத்தின் அளவையும் அச்சையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. ‘ரெபேக்கா’வை ஆல்பிரட் ஹிட்ச்காக் 1940இல் திரைப்படமாக்கினார்; சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதையும் அது பெற்றது. அருமையான படம்தான் என்றாலும், அக்காலத் தணிக்கை விதிகளின் காரணமாக நாவலின் மையமான உண்மை ஒன்று அதில் மாற்றப்பட்டிருக்கிறது. ஆகவே நூலைப் படித்து முடித்த பிறகே படத்தைப் பாருங்கள்.