சிட்டி ஆஃப் ஹீரோஸ் ஹோம்கமிங்: மூடின கேம் இப்போ எப்படி இருக்கு?

2004ல வந்த சூப்பர்ஹீரோ ஆன்லைன் கேம் இது, 2012 ஆகஸ்ட் கடைசியில இத வெளியிட்ட என்சிசாஃப்ட் கம்பெனி திடீர்னு மூடப்போறோம்னு சொல்லி டெவலப் பண்ண பாராகன் ஸ்டுடியோஸையும் சேர்த்தே இழுத்து மூடிட்டாங்க, நவம்பர் 30ஓட சர்வர் காலி. அந்த மூணு மாசமும் ப்ளேயர்ஸ் சும்மா இருக்கல, பெட்டிஷன் போட்டாங்க, கேம்ல வர்ற அட்லஸ் பார்க்ங்கிற ஏரியால சிட்டி ஹால் முன்னாடி ஆளுக்கொரு தீப்பந்தம் பிடிச்சுக்கிட்டு கேமுக்குள்ளயே போராட்டம் பண்ணாங்க. ஒண்ணும் நடக்கல.

அப்புறம் 2019ல கேமோட சர்வர் கோட் வெளிய கசிஞ்சு, அத வச்சு ரசிகர்களே ஆரம்பிச்ச சர்வர்தான் ஹோம்கமிங், 2024 ஜனவரில என்சிசாஃப்டே லைசன்ஸும் குடுத்துட்டாங்க (இத 12 வருஷம் முன்னாடியே பண்ணிருக்கலாம்ல!).

கேரக்டர் கிரியேட்டர் இன்னிக்கும் மாஸ், கையுறை, பூட்ஸ், பெல்ட், முகமூடினு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டிசைன், தனித்தனி கலர், அதுலயே ராத்திரி போயிடும். லெவல் கம்மியா இருக்குற ஃப்ரெண்டும் உங்க டீம்ல சேர்ந்தா உங்க லெவலுக்குப் பக்கத்துல வந்துடுவான், இந்த ஒரு விஷயத்துல இப்போ வர்ற பல கேமே இதுகிட்ட பிச்சை வாங்கணும். கிராஃபிக்ஸ் பழசு, பழைய மிஷன்லாம் ஒரே குடோனையும் ஆபீஸையும் திரும்பத் திரும்பக் காட்டும், கொஞ்சம் போர்தான்.

மாசக் கட்டணம் கிடையாது, சர்வர் செலவெல்லாம் டொனேஷன்லதான் ஓடுது. விண்டோஸ், மேக் ரெண்டுலயும் ஆடலாம். என் மார்க் அஞ்சுக்கு நாலு.