ரேண்டம் எண்: எந்தக் கர்னலில் கை வைக்கலாம்?

சாவிகளுக்கு வேண்டிய, யாரும் ஊகிக்க முடியாத எண்களைத் தருவது இயங்குதளத்தின் மையமான கர்னல். அந்தப் பகுதியை மாற்றிப் பார்த்துப் பழக லினக்ஸ், ஓப்பன்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி என்ற மூன்று இயங்குதளங்களில் எது வசதி என்பதுதான் கேள்வி. பழைய லினக்ஸ் சர்வரில் ஜிபிஜி (மறையாக்க மென்பொருள்) சாவி உருவாக்கியவர்களுக்கு இது நினைவிருக்கும். "போதுமான ரேண்டம் பைட்டுகள் இல்லை" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடும். மவுஸ், டிஸ்க் போன்றவற்றின் அசைவிலிருந்துதான் கர்னல் அதைச் சேர்க்கும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து உள்ளே போயிருப்போம், ஆட்டுவதற்கு மவுஸ்கூட இருக்காது. இன்னொரு டெர்மினலில் ஃபைன்ட் கமாண்ட் போட்டு டிஸ்க் முழுவதையும் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

2020-இல் வந்த 5.6 கர்னல்தான் அந்தக் கூத்துக்கு முடிவு கட்டியது. பூட்டில் ஒருமுறை விதை (எண்களை உருவாக்கத் தொடங்கத் தேவையான, ஊகிக்க முடியாத தரவு) சேர்ந்துவிட்டால் அதன்பிறகு டெவ் ரேண்டம் (புரோகிராம்கள் ரேண்டம் எண் படிக்கும் ஃபைல்) நிற்காது. உள்ளிருக்கும் கணிதத்தை லினக்ஸில் மாற்றுவது பெரிய பாடில்லை, 2016-இல், 4.8-இல், எண்களை வெளியே தரும் இடத்தில் எஸ்எச்ஏ-1 போய் சாச்சா20 என்ற வேறு கணித முறை வந்ததை யாரும் கவனிக்கவேயில்லை. வெளியே தெரியும் நடத்தையைத் தொட்டால்தான் தகராறு. 2022-இல், லினக்ஸில் இந்தப் பகுதியைப் பராமரிக்கும் ஜேசன் டோனென்ஃபெல்ட், காத்திருக்காமல் எண் தரும் இன்னொரு ஃபைலான யூரேண்டமும் விதை சேரும்வரை காத்திருக்கட்டும் என்று மாற்றிப் பார்த்தார். நியாயமான ஆசைதான். ஆனால் சில வகை மெஷின்கள் பூட் ஆகாமலே தொங்கின. விதை சேர ஏதாவது நடக்க வேண்டும்; விதைக்காகக் காத்திருப்பதால் எதுவும் நடக்கவில்லை! மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

ஓப்பன்பிஎஸ்டியில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. கர்னல், லிப்சி (சி மொழியின் அடிப்படை லைப்ரரி), பூட்லோடர் (கர்னலை ஏற்றும் புரோகிராம்) மூன்றும் ஒரே குழுவின் கையில். ஷட்டவுன் ஆகும்போது விதையை ஒரு ஃபைலில் எழுதி வைக்கிறது. அடுத்த முறை பூட்லோடரே அதைப் படித்துக் கர்னலிடம் கொடுத்துவிடுகிறது. 2014-இல் வந்த 5.5-இல் ரேண்டம் எண் தரும் ஆர்க்4ரேண்டம் ஃபங்ஷனுக்குள் இருந்த பழைய ஆர்சி4 முறையைத் தூக்கிவிட்டு சாச்சா20 வைத்தார்கள். அதைக் கூப்பிடும் புரோகிராம்களில் ஒரு வரி மாற்ற வேண்டியிருக்கவில்லை. (பெயரில் மட்டும் பழைய ஆர்க்4 ஒட்டிக்கொண்டிருக்கிறது.) அந்த ஃபங்ஷன் எரர் திருப்புவதே கிடையாது, ஆகவே சரிபார்க்க மறந்துபோகும் ஆபத்தும் இல்லை.

வடிவமைப்பின் அழகுக்கு என்றால் ஃப்ரீபிஎஸ்டி. 11.0-இலிருந்து ஃபோர்ச்சுனா என்ற முறை: ரேண்டம் தரவு சேரும் 32 குளங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பாதித் தடவைதான் இறைக்கப்படும். கொஞ்ச நேரம் ஒட்டுக்கேட்கிறவனுக்கு ஆழத்துக் குளங்கள் எட்டாது. ஆனால் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதும்போது சறுக்கிவிட்டார்கள். மேம்பாட்டுக் கிளையில் ஏறக்குறைய நான்கு மாதம் கர்னலின் ரேண்டம் ஒழுங்காக விதைக்கப்படாமல் ஓடியது. 2015 பிப்ரவரியில் தெரியவந்ததும், அந்த நாள்களில் உருவாக்கிய சாவிகளையெல்லாம் மாற்றச் சொன்னார்கள். அதுவரை ஒரு எரரும் இல்லை, எண்கள் வழக்கம்போல ரேண்டமாகவே தெரிந்தன. டெபியன் என்ற லினக்ஸ் வகை 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் மறையாக்க லைப்ரரியில் ஒரு வரியை நீக்கி, சாவிகளை ஊகிக்கக்கூடியதாக்கியது வெளிவர 2008 ஆயிற்று. அதுவும் இதே ரகம். லினக்ஸ் தொங்கியதை நான் குறையாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்: தொங்கினால் உடனே கண்ணில் படும்.

கை வைத்துப் பழக என் தேர்வு ஓப்பன்பிஎஸ்டி. பிழைப்பு லினக்ஸில் என்றால் கர்னலைத் தொடாதீர்கள், 3.17-இலிருந்து கர்னலிடம் நேரடியாக ரேண்டம் எண் கேட்கும் கெட்ரேண்டம் என்ற சிஸ்டம் கால் இருக்கிறது, ஃப்ளாக் பூஜ்யம் வைத்துக் கூப்பிட்டால் விதை சேரும்வரை அதுவே காத்திருக்கும். சொந்த டிஸ்க் இமேஜ் செய்பவர்கள் குளோன் எடுக்கும் முன் சேமித்த விதை ஃபைலை மட்டும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து மெஷினும் ஒரே விதையோடு எழுந்து நிற்கும்.