மாட்டுக் கொலாஜனா, பன்றித் தோலா: எதில் ரத்தம் முந்தி ஓடும்?

களியக்காவிளைப் பக்கம் ரப்பர் சீட்டுக்குப் புகைபோடும் வீடுகளுக்குத் தீக்காயம் புதிதன்று. ஆழமாகச் சுட்டுவிட்டால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கோ கேரள எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ போகிறோம். அங்கே தோலுக்கு மாற்றாக விலங்குப் பொருளை வைக்கும் பேச்சு எழுந்தால், அது எந்த விலங்கினுடையது என்பதையே முதலில் கேட்கிறோம். அந்தப் பொருளுக்குள் நம் ரத்தக்குழாய் எத்தனை நாளில் நுழையும் என்பதே முந்திக் கேட்க வேண்டிய கேள்வி.

தொடையிலிருந்து சீவி ஒட்டும் சொந்தத் தோலில் குழாய்கள் ஏற்கெனவே உள்ளன; இரண்டு மூன்று நாட்களில் அவை புண்ணின் குழாய்களோடு வாய்சேர்ந்துவிடும். உயிரணு நீக்கப்பட்ட விலங்குப் பொருளிலோ, புண்ணின் அடியிலிருந்து புதுக்குழாய்கள் துளிர்த்து மேலேற வேண்டும்.

ஆய்வாளர் யான்னஸும் அறுவை மருத்துவர் பர்க்கும் உருவாக்கி, 1996இல் அமெரிக்க அனுமதி பெற்ற இன்டெக்ரா, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனை மாட்டிலிருந்து எடுத்து, அதோடு சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த கூட்டுச் சர்க்கரையைச் சேர்த்து, மேலே சிலிக்கோன் படலம் போர்த்திய பஞ்சு. குழாய்கள் அதில் ஊடுருவ ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். முதலில் சிவந்திருப்பது, வேலை முடியும்போது பீச் பழ நிறத்துக்கு வரும் என்பார்கள். நமக்கு வெளிறிய செந்நிறப் பலாச்சுளை என்றால் புரியும். பிறகுதான் சிலிக்கோனை உரித்துச் சொந்தத் தோலை ஒட்டுவார்கள். இடையில் அடியில் ரத்தம் கட்டினாலோ சீழ் பிடித்தாலோ அவ்விடத்தில் துளிர்ப்பு நின்றுவிடும். பீடி பிடிப்பவருக்கு நுண்குழாய்கள் சுருங்குவதால் ஆபத்து இன்னும் கூடுதல்.

மாட்டின் கொலாஜனும், தோல் இழுபட்டு மீள உதவும் எலாஸ்டின் புரதமும் கொண்ட மாட்ரிடெர்ம் தகடு, ஒரு மில்லிமீட்டர் தடிமனில் சிலிக்கோன் இல்லாமல் கிடைக்கிறது. புண்ணிலிருந்து ஊறிவரும் நீர்மமே மேலே ஒட்டும் சொந்தத் தோலைச் சில நாள் காப்பதால் தகட்டையும் தோலையும் ஒரே அறுவையில் வைத்துவிடலாம்.

உயிரணு நீக்கிய பன்றித் தோலில் பழைய குழாய்த் தடங்கள் எஞ்சியிருப்பது வசதிதான். ஆனால் உறுதிக்காக இழைகளை வேதிப்பொருளால் ஒன்றோடொன்று பிணைத்த வகையை உயிரணுக்கள் எளிதில் கரைக்க முடியாததால் குழாய்கள் ஓரத்திலேயே தயங்கும். வயிற்றுச்சுவரைத் தாங்க ஏற்ற அந்த உறுதி தீப்புண்ணுக்குச் சுமை என்பேன். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனம் பன்றிப் பித்தப்பையிலிருந்து உருவாக்கி, 2023இல் இந்திய அனுமதி பெற்ற கோலிடெர்ம், எலி, முயல், நாய்களின் புண்களைச் சந்தையிலுள்ள ஒத்த பொருட்களைவிட விரைவாக ஆற்றியது. விலையும் குறைவு என்பதால் நமக்கு அக்கறைக்குரியது.

தசைநார் தெரியுமளவு ஆழ்ந்த குழிக்கு மூன்று வாரம் காத்திருந்தாலும் இன்டெக்ராவையே விரும்புவேன். ரத்தோட்டம் நன்றாக உள்ள முழங்கைப் புண்ணுக்கு, ஒரே அறுவையில் முடிந்து, இரண்டாம் முறை எல்லை கடக்கவைக்காத மாட்ரிடெர்ம் போன்ற மெல்லிய தகடே போதும்.