லஃப்பராவுக்கு ஒரு பார்சல்

அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் இட்லிப் பொடியும் மட்டுமே நாலு கிலோ. 23 கிலோ பெட்டியில் அதற்கு இடமில்லை. சரி, கூரியரில் அனுப்பிவிடலாம் என்று பாளையங்கோட்டையில் ஒரு கடைக்குப் போனேன். "ஊர் பேரு சொல்லுங்க சார்" என்றான் கவுன்டரில் இருந்த பையன். "லஃப்பரா" என்றேன்.

இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆங்கில எழுத்தில் ஓ-யு-ஜி-ஹெச் இரண்டு தடவை வரும். முதலில் வருவது 'அஃப்', கடைசியில் வருவது வெறும் 'அ'. பையன் காதில் விழுந்தபடி எல், யு என்று அடித்தான். திரையில் லூட்டன் வந்தது. அதையே அழுத்திவிட்டான்.

பணம் கட்டி ரசீதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. போஸ்ட்கோடு எல்இ11 சரியாக இருக்கிறது, ஊர் மட்டும் லூட்டன். லஃப்பரா இருப்பது லெஸ்டர் பக்கம். லூட்டன் லண்டனுக்குப் பக்கம். "மாத்தணும்னா மேனேஜர் வரணும் சார், நாளைக்கு வாங்க." மறுநாள் போனால் மேனேஜர் தென்காசிக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் வந்தவர், "கோடு சரியா இருக்குல்லா சார், அதெல்லாம் போயிரும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பார்சலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பணம் இன்னும் வரவில்லை.

அந்தப் பையனுக்கு உச்சரிப்பு தெரியவில்லை என்பதல்ல என் வருத்தம். இங்கிலாந்துக்காரர்களுக்குள்ளேயே அதில் ஒற்றுமை கிடையாது. நியூகாசிலில் பிறந்தவர் 'கா'வைக் குறுக்கி, அழுத்தத்தையும் அங்கேதான் வைப்பார். லண்டன்காரர் 'நியூ'வில் அழுத்தி 'கா'வை நீட்டுவார். ஷ்ரூஸ்பரியா ஷ்ரோஸ்பரியா என்று அந்த ஊர்க்காரர்களே இன்னும் வாதாடுகிறார்கள். லெஸ்டரும் வூஸ்டரும் குளோஸ்டரும் நடுவில் இருக்கும் 'செ'யை விழுங்கிவிடும். மான்செஸ்டரும் சைரன்செஸ்டரும் விழுங்காது. எல்லாவற்றுக்கும் 'செஸ்டர்' என்கிற வால் ஒன்றுதான், ரோமர்கள் முகாம் போட்ட காலத்து வார்த்தை. போய்ச் சேர்ந்த புதிதில் டிக்கெட் கவுன்டரில் நான் 'லெய்செஸ்டர்' என்றுதான் கேட்டேன்.

அதனால்தான் அங்கே முதலில் போஸ்ட்கோடு கேட்பார்கள், அடுத்து கதவு எண். ஊரும் தெருவும் திரையில் தானாக வந்துவிடும். சந்தேகம் வந்தால் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். இங்கே அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் என் மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

விழுங்குவது நமக்கும் புதிதில்லையே! திருநெல்வேலியை நாங்கள் தின்னேலி என்போம், கும்பகோணத்துக்காரர்களுக்கு அது கும்மோணம். வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த 'டின்னவெல்லி'யில் எனக்குத் தின்னேலிதான் கேட்கிறது. 2020இல் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது நினைவிருக்கும். கோயம்புத்தூருக்கு வந்த நீளமான எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பலரும் திகைத்தார்கள். ஜூனில் வெளியே வந்து, அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. காதில் கேட்பதை இன்னொரு மொழி எழுத்தில் பிடிப்பது அவ்வளவு கஷ்டம்.

கடைசியில் அம்மா சொல்லித்தான் தபால் ஆபீசுக்குப் போனேன். சின்ன வயதில் மணியார்டர் வரிசையில் அப்பாவோடு நின்ற அதே கட்டடம். கவுன்டரில் ஓர் அம்மா இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு தாளை நீட்டி, "பெரிய எழுத்துல எழுதுங்க தம்பி" என்றார். எழுதிக் கொடுத்ததை உள்ளது உள்ளபடி அடித்து, ஒவ்வொரு எழுத்தாக எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் கேட்டார்: "அங்க உள்ளவங்க இதை எப்படிச் சொல்லுவாங்க?"

சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "பாளைன்னு மட்டும் சொன்னா வெளியூர்க்காரனுக்கு என்ன விளங்கும், அது மாதிரிதானே?" என்று சொல்லிக்கொண்டே முத்திரை குத்தினார்.

நான் லஃப்பராவுக்குத் திரும்பிய ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. துணி பிரியவில்லை, பாட்டில் உடையவில்லை. முகவரிக்குக் கீழே, ஒரு மூலையில், நீல மையில் தமிழில் சின்னதாக 'லஃப்பரா' என்று எழுதியிருந்தது. அந்தத் துண்டுத் துணியை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.