‘நோ’ திரைப்படம்: சிலியின் 1988 வாக்கெடுப்பைப் பற்றி அது சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

உண்மையில் நடந்த ஒரு தேர்தல் பரப்புரையைக் கதையாக்கும் இயக்குநர் எந்த அளவுக்கு உரிமை எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வியை, பாப்லோ லாரைன் இயக்கி 2012-இல் வெளிவந்த ‘நோ’ போலக் கூர்மையாக எழுப்பும் படங்கள் குறைவு. சிலி நாட்டில் 1988-இல் நடந்த பொதுவாக்கெடுப்பை, எதிர்க்கட்சிகளுக்காகத் தொலைக்காட்சி விளம்பரங்களை உருவாக்கிய ஓர் இளைஞனின் வழியாக அது சொல்கிறது. திரைப்படம் என்ற வகையில் அதன்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்தப் பரப்புரையின் வரலாறாக மட்டும் அதை ஏற்க இயலவில்லை. சிலிக்கு வெளியே பலருக்கும் அந்த வாக்கெடுப்பை அறிமுகப்படுத்தியதே இந்தப் படம்தான் என்பதால், காரணத்தை விரிவாகச் சொல்வது தேவை என்று நினைக்கிறேன்.

1973 செப்டம்பர் 11-ஆம் நாள் இராணுவப் புரட்சியின் மூலம் ஆட்சியைப் பிடித்த தளபதி அகஸ்டோ பினோசெட், 1980-இல் தாமே நிறைவேற்றிக்கொண்ட அரசியலமைப்பின்படி, மேலும் எட்டு ஆண்டுகள் பதவியில் நீடிக்கலாமா என்று மக்களிடம் கேட்டாக வேண்டியிருந்தது. ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டே தெரிவுகள். வாக்கெடுப்புக்கு முந்தைய 27 நாள்களும் இரவு நேரத்தில் இரு தரப்புக்கும் தொலைக்காட்சியில் தலா 15 நிமிடம் ஒதுக்கப்பட்டது. அக்டோபர் 5 அன்று ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் ‘இல்லை’ என்று வாக்களித்தார்கள்.

அந்தக் காலத்தின் தோற்றத்தை மீட்டெடுப்பதில் லாரைன் காட்டியிருக்கும் அக்கறைக்கு ஈடு சொல்வது கடினம். 1980-களின் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் பயன்படுத்திய யு-மேட்டிக் வகைக் காணொளிக் கேமராக்களைத் தேடிப் பிடித்து, பழைய தொலைக்காட்சித் திரையின் அகலத்திலேயே முழுப் படத்தையும் எடுத்திருக்கிறார். விளக்கொளியின் ஓரங்களில் நிறங்கள் கசிகின்றன. வெயில் பட்டால் முகங்கள் வெளிறிப்போகின்றன. இதனால் 1988-இன் உண்மையான ஒளிபரப்புத் துண்டுகளும் நடிகர்கள் நடித்த காட்சிகளும் தையல் தெரியாமல் ஒட்டிக்கொள்கின்றன. பின்னாளில் குடியரசுத் தலைவரான பாத்ரிசியோ ஐல்வின் போன்றோர் முதுமை அடைந்த முகத்தோடு தாமாகவே தோன்றி நடித்திருக்கிறார்கள். அடுத்த கணமே அவர்களின் இளமைக்கால ஒளிப்பதிவு வருகிறது. அழகான துணிச்சல் அது. ஆனால் எது ஆவணம், எது புனைவு என்று பார்வையாளரால் பிரித்தறிய முடியாத அளவுக்குத் தோற்றத்தை நிறுவிவிட்ட படம், நிகழ்வுகளின் காரணத்தைச் சொல்வதிலும் அதே கவனத்தைக் காட்டியிருக்க வேண்டும் என்பதே என் முதன்மையான வாதம்.

கயேல் கார்சியா பெர்னால் ஏற்றிருக்கும் ரெனே சாவேத்ரா என்ற விளம்பரக்காரர் கற்பனைப் பாத்திரம். எவுஹேனியோ கார்சியா, ஹோசே மனுவேல் சால்செதோ ஆகிய இருவரின் பணியை வைத்து உருவாக்கப்பட்டவர் அவர். இரண்டு பேரை ஒருவராக்குவதில் தவறில்லை. திரைக்கதைக்கு அது தேவைப்படும். சிக்கல் அவரைச் சுற்றி நிற்பவர்களை வரைந்த விதத்தில் இருக்கிறது. அரசியல் தலைவர்கள் தயாரித்து வைத்திருக்கும் முதல் காணொளியில் டாங்கிகளும் அடிதடியும் இராணுவ ஆட்சி பிடித்துச் சென்று காணாமல் போனோரின் எண்ணிக்கையும் வருகின்றன. அதைப் பார்த்து முடித்த ரெனே, இதை வைத்து வெல்ல முடியும் என்று நம்புகிறீர்களா என்கிறார். வானவில் சின்னமும் ‘மகிழ்ச்சி இதோ வருகிறது’ என்ற பாட்டும் பிறக்கின்றன. துயரத்தை ஓரமாக வைத்து மகிழ்ச்சியை விற்றதால்தான் வெற்றி கிட்டியது என்ற எண்ணத்தோடு பார்வையாளர் எழுந்து செல்கிறார்.

அந்த 27 இரவுகளின் உண்மையான ஒளிபரப்பைப் பார்த்தால் இந்த எண்ணம் நிலைக்காது. அவற்றுள் ஒன்றில், நடுத்தர வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் வீட்டு நாற்காலியில் அமர்ந்து, தாம் கடத்தப்பட்டதையும் கண் கட்டப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டதையும் குரல் உயர்த்தாமல் சொல்கிறார். உடல் காயம் ஆறிவிட்டது, மனக்காயம் ஆறவில்லை என்கிறார். பிறகு கேமரா விலக, பக்கத்தில் அமர்ந்திருக்கும் கால்பந்து வீரர் கார்லோஸ் காஸ்ஸெலி தெரிகிறார். நாடே அறிந்த அந்த முகம், தன் வாக்கு ‘இல்லை’ என்பதற்கே என்று கூறி, இவர் என் தாய் என்று முடிக்கிறது. இதில் வலியும் மகிழ்ச்சியும் ஒன்றையொன்று துரத்தவில்லை. ஒரே நிமிடத்துக்குள் தோளோடு தோளாக நிற்கின்றன. சித்திரவதையைப் பற்றி நீதிபதி ஒருவர் பேசிய பகுதியை அரசு தடை செய்ததும், காணாமல் போனோரின் குடும்பத்துப் பெண்கள், இணையாக ஆட வேண்டிய சிலி நாட்டு நடனமான குவேக்காவை இணையில்லாமல் தனியாக ஆடியதும் அதே பரப்புரையின் பகுதிகளே. ஆக, படத்தில் ரெனே வென்றதாகக் காட்டப்படும் விவாதத்தை உண்மையான ஒளிபரப்பில் யாரும் முழுதாக வென்றிருக்கவில்லை.

இதைவிடப் பெரிய குறை, தொலைக்காட்சிப் பெட்டிக்கு வெளியே நடந்தது ஏறக்குறைய முழுவதும் விடுபட்டிருப்பது. பழைய வாக்காளர் பட்டியலை இராணுவ ஆட்சி அழித்துவிட்டிருந்தது. 1987 பிப்ரவரியில்தான் புதிய பதிவு தொடங்கியது. பெயரைப் பதிவு செய்வதே பினோசெட்டின் அரசியலமைப்பை ஒப்புக்கொள்வதாகும் என்று இடதுசாரிகளில் ஒரு பகுதியினர் நெடுநாள் தயங்கினார்கள். அரசாங்கப் பதிவேட்டில் பெயர் ஏறுவதை எண்ணி அஞ்சியவர்களும் இருந்தார்கள். எப்படியும் முடிவைத் திருத்திவிடுவார்கள், வரிசையில் நின்று என்ன பயன் என்ற சலிப்பு இளைஞர்களிடம் பரவியிருந்தது. இந்தச் சலிப்பைப் படமும் ஒரு காட்சியில் தொட்டுவிட்டு நகர்கிறது. அதை உடைத்தவர்கள் வீடு வீடாகப் படியேறிய கட்சித் தொண்டர்களும் குடிமக்கள் அமைப்புகளைச் சேர்ந்தவர்களும் ஆவர். விளம்பரம் ஒளிபரப்பாகத் தொடங்கும் முன்பே, சுமார் 74 இலட்சம் பேர், அதாவது தகுதியுடையோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர், பதிந்து முடித்திருந்தார்கள். பெயர் பதியாதவரிடம் எவ்வளவு நல்ல பாட்டைப் பாடினாலும் ஒரு வாக்குகூடக் கூடியிருக்காது.

‘இல்லை’ பரப்புரையின் நிர்வாகத் தலைவராக இருந்த ஹெனாரோ அரியாகாதா படத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். வலுவான கட்சிகளும் தொழிற்சங்கங்களும் மாணவர் இயக்கமும் மனித உரிமை இயக்கமும் இருந்த ஒரு நாட்டில், சறுக்குப்பலகையில் வந்திறங்கும் விளம்பரக்காரர் எல்லோருக்கும் வழிகாட்டினார் என்பது கேலிச்சித்திரம் என்பது அவர் கருத்து. பரப்புரையை நடத்தியவர் என்பதால் அவருக்குத் தம் தரப்பின்மீது பற்று இருக்கத்தான் செய்யும். ஆயினும் பதிவு எண்ணிக்கையை வைத்துப் பார்க்கும்போது நியாயம் அவர் பக்கமே இருக்கிறது.

வாக்கு எண்ணப்பட்ட இரவையும் படம் விரைந்து கடந்துவிடுகிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடி மேசைகளில் எதிர்த்தரப்பின் முகவர்கள் அமர்ந்து, ஒவ்வொரு மேசையின் முடிவையும் தலைமையகத்துக்கு அனுப்பித் தனியே கூட்டிக்கொண்டிருந்தார்கள். அரசுத் தரப்பு ‘ஆம்’ முன்னிலையில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அதை நம்பாமல் இருப்பதற்கு அவர்களின் கையில் எண்கள் இருந்தன. இறுதியில் விமானப்படைத் தளபதி பெர்னாண்டோ மாத்தேய், குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் நுழையும்போதே ‘இல்லை’ வென்றுவிட்டதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். படம் அவருடைய சொல்லுக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு பங்கையேனும் அந்த முகவர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், லாரைன் துல்லியமாகப் பிடித்த ஒன்று உண்டு. அதற்காகவே படத்தை நான் மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். தொடக்கத்தில் ரெனே ஒரு குளிர்பான விளம்பரத்தை அறிமுகப்படுத்துகிறார். இன்றைய சமூகச் சூழலுக்கு ஏற்றது, சிலி தன் எதிர்காலத்தை எண்ணுகிறது என்ற முன்னுரையைச் சொல்கிறார். அதே சொற்களை அரசியலுக்கும், வாக்கெடுப்பு முடிந்தபின் தொலைக்காட்சித் தொடருக்கும் அவர் மாற்றமின்றிப் பயன்படுத்துகிறார். ‘ஆம்’ தரப்புக்கு வேலை செய்த அவருடைய மேலாளரும் மறுபடி பக்கத்தில் நிற்கிறார். பினோசெட் 1990 மார்ச்சில் பதவி விலகியபின்பும் 1998 வரை தரைப்படைத் தளபதியாக நீடித்தார் என்பதையும் அவருடைய பொருளாதாரக் கொள்கை பெருமளவு தொடர்ந்தது என்பதையும் அறிந்தவருக்கு, அந்தக் காட்சிகள் வெற்றியின் எல்லையைச் சரியாகவே அளந்து காட்டுகின்றன.

படம் 118 நிமிடம் ஓடுகிறது. பார்க்க நினைப்பவர்கள், இணையத்தில் கிடைக்கும் 1988-இன் உண்மையான ஒளிபரப்புகளில் நான்கைந்தையாவது, குறிப்பாகக் காஸ்ஸெலியின் தாயார் பேசும் பகுதியை, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.