சிறுவர் நிதிக்கான நட்சத்திரக் காற்பந்து: சீட்டு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

சிறுவர் இல்லம் ஒன்றுக்கு நிதி திரட்டுவதாகக் கூறி அண்மையில் மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் நடத்தப்பட்ட நட்சத்திரக் காற்பந்தாட்டத்தில் வசூலான பணம், இதை எழுதும் நாள் வரையில் அந்த இல்லத்தைச் சென்றடையவில்லை. அதே ஏற்பாட்டுக் குழு இப்போது கோலாலம்பூரில் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு விற்கத் தொடங்கியிருப்பதால் நடந்ததை எழுதுகிறேன். போலீஸ் புகார் நிலுவையில் இருப்பதால் எவரது பெயரையும் குறிப்பிடவில்லை.

விளம்பரத்தில் உள்ளூர் தொலைக்காட்சி நடிகர்கள், வானொலி அறிவிப்பாளர்கள், முன்னாள் மாநில ஆட்டக்காரர்கள் ஆகியோருக்கு நடுவே தமிழ்நாட்டு நடிகர் ஒருவரின் படம்தான் பெரிதாக இருந்தது. ஆளுக்கு 50 ரிங்கிட் வீதம் எங்கள் குடும்பத்துக்கும் அக்காள் குடும்பத்துக்கும் சீட்டு வாங்கினோம். ஆட்டம் தொடங்கிய பிறகே, விசா சிக்கலால் அவர் வரவில்லை என ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வெளிநாட்டுக் கலைஞர்கள் இங்கே நிகழ்ச்சி படைக்க, அதற்கு அனுமதி வழங்கும் அரசுக் குழுவான புஸ்பாலின் ஒப்புதல் தேவை என்பது இத்துறையில் இருக்கும் எவருக்கும் தெரியும். அது கைக்கு வருமுன்னே படத்தைப் போட்டுச் சீட்டு விற்றது ஏன் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. வந்திருந்த உள்ளூர் கலைஞர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உச்சி வெயிலில் மூச்சிரைக்க ஓடினார்கள். கேட்ட பிள்ளைகளோடெல்லாம் படம் எடுத்துக்கொண்டார்கள். சொந்தச் செலவில் ஈப்போவிலிருந்து வந்ததாகவும், வசூல் கணக்கைத் தமக்கும் காட்டவில்லை என்றும் அவர்களில் ஒருவர் பின்னர் என்னிடம் கூறினார்.

இடைவேளையின்போது நடுத்திடலில் 30,000 ரிங்கிட்டுக்கான மாதிரிக் காசோலை வழங்கப்பட்டது. இல்லத்துப் பிள்ளைகள் அதன் இரு முனைகளையும் பிடித்திருக்க, பிரமுகர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டனர். சில வாரங்கள் கழித்து அரிசியும் பால்மாவும் கொடுப்பதற்காக அந்த இல்லத்துக்குச் சென்றபோது, அதே அட்டை சமையலறைச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை மார்க்கர் பேனாவால் வாய்ப்பாடு எழுதியிருந்தது. "எங்களுக்கு வந்தது இந்த அட்டை மட்டும்தாங்க ஐயா" என்றார் நிர்வாகி அம்மா. ஏன் புகார் செய்யவில்லை எனக் கேட்டதற்கு, "பேச்சு வெளியே போனால் நாளைக்கு உதவ நினைக்கிறவர்களும் ஒதுங்கிவிடுவார்கள்" என்றார். இந்தத் தயக்கத்தை நம்பித்தான் இத்தகைய வசூல் நடக்கிறது என்பது என் எண்ணம்.

பணம் எங்கே போனது என்பதற்கு என் கைத்தொலைபேசியிலேயே தடயம் இருந்தது. நுழைவாயிலில் ஒட்டியிருந்த, கைத்தொலைபேசியில் பணம் செலுத்தும் டுயிட்நவ் கியூ.ஆர். குறியீட்டின் வழி செலுத்திய தொகைக்கான ரசீதில், பெறுநர் பெயர் ஓர் எண்டர்பிரைஸ், அதாவது தனியார் வணிகம். இல்லத்தின் பெயருமல்ல, பதிவு பெற்ற சங்கத்தின் பெயருமல்ல. மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் வணிகமாகப் பதிந்திருப்பது அறப்பணிக்கான அங்கீகாரம் ஆகாது. ஏற்பாட்டாளரிடம் கேட்டபோது, திடல் வாடகை, ஜெர்சி, சாப்பாடு, ஒலிபெருக்கி எல்லாம் போக மிச்சமில்லை என்றார். கணக்கைக் காட்டுங்கள் என்றதும் என்னைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

செலவு ஆகும் என்பதை நான் மறுக்கவில்லை. இங்கிலாந்தில் பாடகர் ராபி வில்லியம்ஸும் அவர் நண்பர் ஜோனதன் வில்க்ஸும் 2006இல் தொடங்கிய 'சாக்கர் எய்ட்' ஆட்டத்துக்கு ஆகாத செலவா? ஆனால் அங்கே நிதி யுனிசெஃபுக்குத்தான் என்பது தொடக்கத்திலிருந்தே தெளிவு. திரண்ட தொகையையும் நேரலையிலேயே அறிவிக்கிறார்கள். நம் ஊர் ஆட்டத்திடம் அந்த அளவு பிரம்மாண்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. யாருடைய கணக்குக்குப் பணம் போகிறது என்பதையாவது சொல்லலாம் அல்லவா?

சீட்டு வாங்கச் சொல்லி யாராவது அணுகினால், முதலில் சம்பந்தப்பட்ட இல்லத்துக்கே நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, தங்கள் பெயரில் வசூல் நடப்பது அவர்களுக்குத் தெரியுமா, எவ்வளவு தருவதாக எழுத்து வழி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். வரிக்கழிவு உண்டு என்று சொன்னால், வருமான வரிச் சட்டத்தின் 44(6) உட்பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் பட்டியல் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. அதில் பெயரைத் தேடுங்கள். தெருவிலும் கடைவீதியிலும் டின் ஏந்தி வருவோரிடம், வீடுவீடாகவும் தெருவிலும் வசூலிப்பது பற்றிய 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் வழங்கும் உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். வங்கிக் கணக்கு எண்ணைப் மோசடிப் புகாருக்குள்ளான கணக்குகளைக் காட்டும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்றாலும், யாரும் இன்னும் புகார் செய்யாத கணக்கு அதில் சுத்தமாகவே தெரியும் என்பதால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நான் போலீஸ் புகார் செய்ததோடு, சீட்டுப் பணத்துக்காகப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். 5 ரிங்கிட் கட்டணம்தான், வழக்கறிஞர் தேவையில்லை. அன்று சீட்டு வாங்கியவர்கள், பணம் செலுத்திய ரசீதின் திரைப்பிடிப்பையும் (ஸ்கிரீன்ஷாட்) சீட்டையும் அழிக்காமல் வைத்திருந்து, அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தனித்தனியாகப் புகார் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். கோலாலம்பூர் ஆட்டத்துக்கான புதிய விளம்பரத்தில் இல்லத்தின் பெயர் மாறியிருக்கிறது, கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் அதே எண்டர்பிரைஸின் பெயர்தான் வருகிறது.