துப்பாக்கி திரும்பி வந்தது, அதன் போல்ட் வரவில்லை: வேறு மாநிலத்துக்கு ரைஃபிள் விற்பவர்கள் கவனத்துக்கு

டெக்சாஸில் இருக்கும் நான், ஓக்லஹோமாவில் இருக்கும் ஒருவருக்கு என் வேட்டை ரைஃபிளை விற்க ஒப்புக்கொண்டேன். சட்டம் சொல்லும் ஒவ்வொரு படியையும் ஏறித்தான் அந்தத் துப்பாக்கி மாநில எல்லையைக் கடந்தது, திரும்பியும் வந்தது. இடையில் அதன் உயிரான பாகத்தை, தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உருளை உறுப்பான போல்ட்டை, களவாடிவிட்டார்கள். களவாடியவரும் அதற்கு இடம் கொடுத்த வியாபாரியும் துப்பாக்கிச் சட்டத்தின் எந்த விதியிலும் சிக்கவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத ஒருவர் வேறு மாநிலத்தில் வசிக்கும் உரிமம் இல்லாத இன்னொருவருக்கு நேரடியாகத் துப்பாக்கியை விற்கக்கூடாது. மீறினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. நடுவே கூட்டாட்சி அரசின் உரிமம் பெற்ற வியாபாரி ஒருவர் இருந்தாக வேண்டும். விற்பவர் அவருக்கு அனுப்புவார். அவர் தன் பதிவேட்டில் வரவு எழுதுவார். வாங்குபவர் அவர் கடைக்குச் சென்று, துப்பாக்கி பெறுபவர் தன்னைப் பற்றிய விவரம் தரும் 4473 படிவத்தை நிரப்புவார். எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனையில் அனுமதி கிடைத்த பிறகுதான் துப்பாக்கி கைமாறும்.

நான் ஓக்லஹோமா வியாபாரியின் கையொப்பமிட்ட உரிம நகலைக் கேட்டு வாங்கினேன். உரிம எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையும் கடைசி ஐந்து இலக்கங்களையும் ஏடிஎஃப் எனப்படும் துப்பாக்கிக் கண்காணிப்புப் பணியகத்தின் இணையதளத்தில் இட்டால், உரிமம் உண்மையானதா, முகவரி பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டும் பொருந்தின. பெரிய தனியார் கூரியர் நிறுவனங்கள் இப்போது தனிநபர் அனுப்பும் துப்பாக்கியை ஏற்பதில்லை. ஆனால் தோட்டா நீக்கிய ரைஃபிளைத் தனிநபர் ஒருவர் உரிமம் பெற்ற வியாபாரிக்கு அமெரிக்க அஞ்சல் வழியாக அனுப்பலாம். பெட்டியின் வெளியே துப்பாக்கி என்று தெரியும்படி எதுவும் எழுதாமல், காப்பீடு செய்து, பெறுபவர் கையொப்பமிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் அனுப்பினேன்.

விற்றது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். அது வின்செஸ்டர் மாடல் 70, .30-06 என்னும் வகைத் தோட்டாவுக்கானது, 1964க்கு முன் செய்யப்பட்டது. 1936இல் சந்தைக்கு வந்த இந்த ரைஃபிளின் வடிவமைப்பை நிறுவனம் 1964இல் மாற்றியது. தோட்டாவின் அடியைக் கவ்வி இழுக்கும் அகன்ற நகம் போன்ற உறுப்பு அந்த மாற்றத்தோடு போய்விட்டது. ஆகவேதான் பழைய மாடல்களைச் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அந்தக் காலத் தொழிற்சாலையில் ஒவ்வொரு போல்ட்டின் அடிப்புறத்திலும் அந்தந்தத் துப்பாக்கியின் வரிசை எண்ணை மின்பேனாவால் கீறி வைத்தார்கள். ரிசீவரில் (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடலில்) உள்ள எண்ணும் போல்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. என் ரைஃபிளில் இரண்டும் ஒன்றாக இருந்தன. அனுப்பும் முன் இரண்டையும் படம் எடுத்து வாங்குபவருக்கும் வியாபாரிக்கும் அனுப்பியிருந்தேன்.

வாங்குபவர் கடையில் வைத்துத் துப்பாக்கியைப் பார்க்கலாம், படிவம் நிரப்பும் முன் பிடிக்கவில்லை என்றால் திருப்பலாம், பெற்ற நிலையிலேயே திரும்புகிறது என்று வியாபாரி எழுத்தில் உறுதி சொன்னதும் நான் பணத்தைத் திருப்புவேன். இதுதான் மூவரும் மின்னஞ்சலில் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. இந்த வகை விற்பனையில் பரவலாக உள்ள வழக்கமும் இதுவே.

போல்ட் இறுக்கமாக நகர்கிறது, வேண்டாம் என்றார் வாங்குபவர். வியாபாரி எழுத்தில் உறுதி கொடுத்தார். பணத்தை அனுப்பிவிட்டேன். ரைஃபிள் என் ஊர்க் கடைக்கு வந்தது. பழுதுபார்த்து அனுப்புவது போன்ற விதிவிலக்கு தவிர, வேறு மாநில வியாபாரி தனிநபருக்கு நேராகத் துப்பாக்கி அனுப்ப முடியாது. ஆகவே என் சொந்தத் துப்பாக்கியைத் திரும்பப் பெற நானே 4473 நிரப்பி, பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. விதி அப்படி, அதில் நியாயமும் இருக்கிறது. கடைக்காரர் போல்ட்டை உருவி என் கையில் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். கீறப்பட்டிருந்த எண் வேறு.

ஓக்லஹோமா வியாபாரியைத் தொலைபேசியில் பிடித்தபோது அவர் தயங்காமல் சொன்னார்: "வாங்க வந்தவர், போல்ட்டைக் கழற்றித் தனக்குத் தெரிந்த பழுது பார்ப்பவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றார், கொடுத்தேன். போல்ட் துப்பாக்கி இல்லையே. ரிசீவர் என் கடையை விட்டு வெளியே போகவில்லை. அதன் எண்ணைத்தான் நான் சரிபார்க்க வேண்டும், பார்த்தேன்."

சட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. இத்தகைய ரைஃபிளில் துப்பாக்கி என்று சட்டம் எண்ணுவது ரிசீவரை மட்டுமே. குழல், மரக்கட்டை, போல்ட், ஸ்கோப் எல்லாம் வெறும் உதிரிப் பாகங்கள். படிவம் இல்லாமல், சோதனை இல்லாமல் யாரும் வாங்கலாம், விற்கலாம். ஆனால் "பெற்ற நிலையிலேயே திரும்புகிறது" என்று எழுதியவர் அவர்தானே? நான் அனுப்பிய போல்ட் படத்தை ஒருமுறை பார்க்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வாங்குபவரோ பணம் கைக்குப் போனதிலிருந்து பதில் சொல்வதே இல்லை.

விலையை விடவும் எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா அமரும் அறைக்கும் இடையிலான அளவு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பொருத்திச் சரிசெய்யப்படுவது. வேறு துப்பாக்கியின் போல்ட்டைச் செருகினால் அது உள்ளே போகும், பூட்டும், சுடவும் செய்யும். இடைவெளி கூடியிருந்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்துக்குப் பின்னோக்கிப் பாயலாம். எண்ணைப் பார்க்காத ஒருவர் கைக்கு இந்த ரைஃபிள் வந்திருந்தால்? அந்தப் போல்ட்டை மாற்றியவருக்கு இது தெரியாமல் இருக்காது. நான் காட்டிய பழுது பார்ப்பவர் அளவுகோல் வைத்துச் சோதித்து, இந்தப் போல்ட்டோடு சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

புகார் கொடுக்கும் இடங்களைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஏடிஎஃப் வியாபாரியின் உரிமத்தையும் பதிவேட்டையும் பார்க்கும் அமைப்பு, விற்பனைத் தகராறைத் தீர்க்காது. அவர் ஊர்க் காவல்துறை, இது உரிமையியல் விவகாரம் என்றது. டெக்சாஸின் சிறு வழக்கு மன்றம் 20,000 டாலர் வரை விசாரிக்கும் என்றாலும், பிரதிவாதி இருக்கும் ஊரில்தான் பொதுவாக வழக்குப் போட வேண்டும் என்பதால் ஓக்லஹோமாவுக்குத்தான் போயாக வேண்டும். எஃப்பிஐயின் இணையக் குற்றப் பிரிவிலும் அஞ்சல் ஆய்வுத் துறையிலும் மின்னஞ்சல், படங்கள், பழுது பார்ப்பவரின் கடிதம் அனைத்தையும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

ரைஃபிளுக்கு இன்னொரு சட்டபூர்வ வழி இருக்கிறது. பலர் அதை நினைப்பதே இல்லை. கைத்துப்பாக்கி என்றால் வாங்குபவரின் சொந்த மாநில வியாபாரியிடம்தான் கைமாற வேண்டும். ரைஃபிளுக்கு அப்படி இல்லை. இரு மாநிலச் சட்டங்களும் அனுமதித்தால், அவர் நேரில் வந்து உங்கள் ஊர் வியாபாரியிடமே படிவம் நிரப்பிப் பெற்றுக்கொள்ளலாம். பக்கத்து மாநிலக்காரர் என்றால் அதையே வலியுறுத்துங்கள். உங்கள் கண்முன்னே பார்க்கட்டும், உங்கள் கண்முன்னே எடுத்துச் செல்லட்டும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், எந்தப் பாகமும் கடையை விட்டு வெளியேறக்கூடாது என்று வியாபாரியிடம் தனியாக எழுதி வாங்குங்கள். திருப்பும் பணம், துப்பாக்கி உங்கள் ஊர்க் கடைக்கு வந்து நீங்கள் சோதித்த பிறகே போகட்டும். இதற்கு ஒப்பாத வாங்குபவர் போகட்டும், இன்னொருவர் வருவார்.

எச்-1பி விசாவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பச்சை அட்டைக்காரர்கள் துப்பாக்கி வாங்கலாம், விற்கலாம். உங்கள் விசாவில், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாவிட்டால், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே குற்றம். நண்பருக்காக ஒரு நாள் வீட்டில் வைத்துக்கொடுக்கிறேன் என்றுகூட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

1964க்கு முந்தைய மாடல் 70இன் போல்ட்டைத் தனியாக விற்க யாராவது உங்களிடம் வந்தால், அதைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள். எண் கீறப்பட்டிருந்தால், அந்த எண்ணுக்குரிய ரிசீவர் எங்கே என்று கேளுங்கள். பதில் சரியாக வராவிட்டால் வாங்காதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள். என் போல்ட்டின் படம் என்னிடம் இருக்கிறது.